லிப்ட் கிட் போட்டால் பழைய ஸ்பிரிங்கைக் கையில் வாங்காமல் வண்டியை எடுக்காதீர்கள்

பிக்கப் வண்டியை உயர்த்த லிப்ட் கிட், லெவலிங் கிட் என்று விசாரித்துக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். என் வண்டி இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ், ஊர் கோவைப் பக்கம். முன்னால் புது காயில் ஸ்பிரிங் (சுருள் ஸ்பிரிங்), புது ஷாக் (ஷாக் அப்சார்பர்), பின்னால் புதுப் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) செட் என்று ஒரு ஷாப்பில் வாட்ஸ்அப் எஸ்டிமேட் அனுப்பி 1,30,000 ரூபாய் வாங்கினார்கள். வேலை என்று பார்த்தால் முன்னால் ஷாக்கின் தலைக்கு மேல் உயரம் கூட்ட வைக்கும் ஒரு அலுமினிய வில்லை (ஸ்பேசர்), பின்னால் ஏதோ லாரிப் பட்டையிலிருந்து வெட்டிய மாதிரி ஒரு ஒற்றைப் பட்டை, அவ்வளவுதான். ஷாப் பெயரைப் போடவில்லை, புகார் நிலுவையில் இருக்கிறது. பெயர் தெரிந்தும் பெரிய பிரயோஜனம் இல்லை, இந்த வித்தையை எந்த ஊரிலும் எந்த ஷாப்பும் செய்ய முடியும்.

விஷயம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம். பிக்கப் எல்லாம் கம்பெனியிலிருந்து வரும்போதே மூக்கைத் தாழ்த்தி, பின்பக்கம் தூக்கலாகத்தான் நிற்கும். பின்னால் சுமை ஏற்றினால் மட்டமாக வரட்டும் என்றுதான் அப்படி வைக்கிறார்கள். முன்பக்கத்தை மட்டும் உயர்த்தி மட்டமாக்கினால் லெவலிங், இரண்டு பக்கமும் உயர்த்தினால் லிப்ட். முன்னால் உயர்த்த இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் மாற்றுவது. இன்னொன்று, பழையதையே வைத்து அதன் மேல் ஸ்பேசர் போடுவது. வி-கிராஸ், ஹைலக்ஸ் மாதிரி சக்கரத்தை மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு ஆர்ம் (கை) பிடிக்கும் முன்பக்கத்தில் ஷாக் ஆர்மின் நடுவில் உட்கார்ந்திருப்பதால், ஒரு இன்ச் ஸ்பேசர் போட்டால் சக்கரத்தில் ஏறக்குறைய இரண்டு இன்ச் உயரும். சில ஆயிரம் ரூபாய் சாமான். வெளியே நின்று பார்க்கிறவனுக்கு இரண்டு வேலைக்கும் வித்தியாசமே தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இந்தத் திருட்டு நடக்கிறது.

ஸ்பேசர் கெட்டது என்று சொல்ல வரவில்லை. ஸ்பேசர் என்று சொல்லி, ஸ்பேசர் காசு வாங்கி, அளவாகப் போட்டு, அலைன்மென்ட் செய்து கொடுத்தால் டவுனுக்குள் ஓட்டுகிறவருக்கு அது போதும். எனக்கு அது போதாது என்பதால்தான் ஸ்பிரிங் கேட்டேன். முன்னால் இரும்பு பம்பர் இருக்கிறது, பின்னால் தோட்டத்துக்கு உர மூட்டையும் மோட்டார் சாமானும் ஏற்றுவேன், மற்ற நாளெல்லாம் காலியாக ஓடும். இதை அவர்களிடம் சொன்னேன். சொன்னதைக் காதில் வாங்கிய மாதிரியே தெரியவில்லை. "எத்தனை இன்ச் சார் வேணும், ரெண்டா மூணா?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார் ஓனர்.

உங்களிடமும் ஒரு ஷாப் இன்ச்சை மட்டும் கேட்டால் அங்கேயே உஷாராகிவிடுங்கள். நல்ல கிட் எல்லாம் எடைக் கணக்கில்தான் வருகிறது. முன் ஸ்பிரிங்கில் சாதா பம்பருக்கு ஒன்று, இரும்பு பம்பருக்கு ஒன்று, அதோடு வின்ச்சும் (சிக்கிய வண்டியைக் கயிற்றால் இழுக்கும் இயந்திரம்) இருந்தால் இன்னொன்று. பின் பட்டை காலி வண்டிக்குத் தனி, நிரந்தரமாக முந்நூறு கிலோ ஏற்றுகிறவருக்குத் தனி, ஐந்நூறுக்குத் தனி. இதைத் தப்பாக எடுத்தால் உயரம் சரியாக வந்திருக்கும், ஓட்டம் கெட்டிருக்கும். கனத்த பட்டையைக் காலி வண்டிக்குப் போட்டால் பொள்ளாச்சி ரோட்டில்கூட முதுகு போய்விடும்.

இன்னொரு ஏமாற்றுப் பேச்சு, "கிரவுண்ட் கிளியரன்ஸ் ரெண்டு இன்ச் ஏறிரும் சார்" என்பது. பாடி ஏறும், முன்னால் இன்ஜினுக்கு அடியில் ஏறும். பின் ஆக்சிலும் அதன் நடுவில் இருக்கும் டிஃபரென்ஷியலும் (சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் பல்சக்கரப் பெட்டி) சக்கரத்தோடு ஒட்டியவை, ஸ்பிரிங்கை எவ்வளவு மாற்றினாலும் அவை இருந்த உயரத்திலேயேதான் இருக்கும். அதை உயர்த்தப் பெரிய டயர் ஒன்றுதான் வழி.

சரி, என் கதைக்கு வருகிறேன். காலையில் விட்ட வண்டியை அன்று மதியமே "ரெடி சார்" என்றார்கள். காயில் ஸ்பிரிங் மாற்றுவதென்றால் ஷாக்கைக் கழற்றி, ஸ்பிரிங்கை அமுக்கும் கருவியில் பிடித்து, மேல் நட்டைத் திறந்து, புதிதைப் பூட்டி, மறுபடி ஏற்ற வேண்டும். அதோடு பின் பட்டை இரண்டும் சேர்ந்தால் நிதானமாகச் செய்கிறவர்கள் ஒரு முழு நாள் எடுப்பார்கள். தலைக்கு மேல் வைக்கிற ஸ்பேசருக்கு ஸ்பிரிங்கைத் திறக்கவே வேண்டாம். போய்ப் பார்த்தால் வண்டி கம்பீரமாகத்தான் நின்றது, அதில் குறை சொல்ல முடியாது. ஸ்பிரிங் எல்லாம் பளபளவென்று புது கறுப்பு. பில்லில் "சஸ்பென்ஷன் ஒர்க்" என்று ஒரே வரி. பார்ட் நம்பர் கேட்டதற்கு "கிட்டா வந்தா தனித்தனியா நம்பர் இருக்காது சார்" என்றார். சுத்தப் பொய். பழைய ஸ்பிரிங் எங்கே என்றதற்கு "ஸ்கிராப்காரன் இப்பதான் சார் அள்ளிட்டுப் போனான்".

அவிநாசி ரோட்டில் ஏறியதுமே ஸ்டீயரிங் அலைய ஆரம்பித்தது. வளைவில் திருப்பினால் தானாகத் திரும்பி வர மறுத்தது. ராத்திரியில் எதிரே வருகிறவர்கள் எல்லாம் ஹைபீம் அடித்துத் திட்டினார்கள், ஹெட்லைட் குமிழைக் கடைசிவரை இறக்கி வைத்தும் அதே நிலைமை. வேகத்தடையில் இறங்கும்போது முன்னால் 'டக்' என்று ஒரு அடி. பின்பக்கம் காலி மாட்டு வண்டி மாதிரி குதித்தது. போன் செய்தால் ஒரே பதில்தான்: "லிப்ட் பண்ணின வண்டி அப்படித்தான் சார் இருக்கும், ஓட ஓட செட் ஆயிரும்." புது ஸ்பிரிங் கொஞ்சம் உட்காரும், உண்மைதான். அது உயரத்தில் சில மில்லிமீட்டர் குறைவதோடு சரி. சத்தமும் ஸ்டீயரிங் அலைச்சலும் அதனால் போகாது. முன்பக்கத்தை உயர்த்தினால் காஸ்டர் (ஸ்டீயரிங் தானாக நேராக வர உதவும் சாய்வு) குறையும், டோ (முன் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ பார்க்கும் கோணம்) மாறும், அதனால் லிப்ட் போட்ட அன்றே அலைன்மென்ட் செய்தாக வேண்டும். அவர்கள் செய்யவே இல்லை.

சில வாரத்தில் முன் டயர்களின் ஒரு ஓரம் மட்டும் வழுக்கையாகத் தொடங்கியது. வேறொரு அலைன்மென்ட் கடையில் ராம்ப்பில் ஏற்றியபோது அங்கிருந்த பெரியவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இது புது ஸ்பிரிங்னு யாருங்க சொன்னது?" என்றார். அவர் காட்டிய இடத்தில் மேல் ஆர்ம் ஸ்பிரிங்கில் மோதி மோதி, விரல் அகலத்துக்குப் பெயின்ட் உரிந்திருந்தது. அந்த 'டக்' சத்தம் அங்கிருந்துதான். உரிந்த புதுக் கறுப்புக்குக் கீழே பழைய மங்கின பெயின்ட், துருப் பொட்டுகள், கம்பெனிக்காரர்கள் ஸ்பிரிங்கை அடையாளம் காண வைக்கிற வண்ணப் புள்ளியில் பாதி. பெரியவர் நகத்தால் சுரண்ட, மீதிப் பாதியும் வந்தது. என் வண்டியின் சொந்த ஸ்பிரிங்தான், ஸ்பிரே அடித்து என்னிடமே விற்றிருக்கிறார்கள்!

வலது சக்கரத்தின் உள்பக்க ரிம்மில் கிரீஸ் சிதறிக் கோடு போட்டிருந்தது. ஆக்சில் பூட் (ஆக்சில் மூட்டில் கிரீஸைக் காக்கும் ரப்பர் உறை) கிழிந்துவிட்டது. ஸ்பேசர் போட்டால் பள்ளத்தில் சக்கரம் முன்பைவிடக் கீழே தொங்கும், அப்போது ஆக்சிலும் பால் ஜாயின்டும் (ஆர்மைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் உருண்டை மூட்டு) அவற்றுக்கென்று வைத்த கோணத்தைத் தாண்டிப் போகும், மேல் ஆர்ம் ஸ்பிரிங்கைத் தொடும். பொதுவாக இரண்டு இன்ச்சோடு நிறுத்திக்கொள் என்று அனுபவஸ்தர்கள் சொல்வது இதனால்தான். எனக்கு அதற்கும் மேலே ஏற்றியிருந்தார்கள். பின்னால் நிலைமை இன்னும் மோசம். சொருகிய பட்டையின் ஓரத்தில் வெட்டிய பிசிறுகூடத் தேய்க்கவில்லை. பட்டையை ஆக்சிலோடு கட்டும் யு போல்ட் பழையதையே துருவோடு மறுபடி முறுக்கியிருக்கிறார்கள். ஒருமுறை இழுத்து முறுக்கிய யு போல்ட் நீண்டுவிடும், பட்டையைக் கழற்றினால் புதிது போடுவதுதான் முறை, போட்ட பிறகும் சில நூறு கிலோமீட்டரில் மறுபடி டைட் பார்க்க வேண்டும்.

போட்டோக்களோடு ஷாப்புக்குப் போனேன். முதலில் "வேற யாராவது மாத்தியிருப்பாங்க சார்". அப்புறம் "பையன் தப்பா பண்ணிட்டான், பாதிக் காசுக்கு வேற கிட் போட்டுத் தர்றேன்". கடைசியில், "லிப்ட் பண்றதே ரூல்ஸுக்கு விரோதம் சார், கம்ப்ளைன்ட் பண்ணா மாட்டறது நீங்கதான்" என்று மிரட்டல். வண்டியை விடும்போது கேட்டதற்கு "ஆர்.சி.யில எதுவும் மாறாது, ஒரு பிரச்சினையும் வராது" என்று சொன்ன அதே வாய்.

மிரட்டலில் பாதி உண்மை இருப்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். ஆர்.சி.யில் உள்ள விவரம் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு சொல்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி உரிமையாளருக்கு ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோகூட விதிக்கலாம். சஸ்பென்ஷன் மாற்றம் இதில் எவ்வளவு தூரம் வரும் என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். அதனால் வேலைக்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் கம்பெனியிலும் எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. அதற்காக, வாங்காத சாமானுக்கு வாங்கிய காசை ஷாப்காரர் வைத்துக்கொள்ளலாம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் புகார் கொடுத்திருக்கிறேன். சாமானுக்கோ வேலைக்கோ கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது, பிரச்சினை வந்து இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். ஆதாரம் என்று என் கையில் இருப்பது வாட்ஸ்அப் எஸ்டிமேட், அலைன்மென்ட் கடைக்காரர் கொடுத்த அளவுத் தாள், ஸ்பிரிங்கின் போட்டோ. பார்ட் நம்பரோடு பில் இருந்திருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்கும் என்றார் வக்கீல்.

இனி யார் போட்டாலும், பெட்டி உங்கள் கண் முன்னால் பிரிக்கப்படட்டும், ஸ்பிரிங்கில் உள்ள நம்பரைப் போட்டோ எடுங்கள், அது பில்லில் இருக்கிறதா பாருங்கள். பழைய ஸ்பிரிங், ஷாக், யு போல்ட் எல்லாம் எனக்கு வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அதற்கு முகம் சுளிக்கிற ஷாப் வேண்டாம். பழையதைக் கையில் கொடுத்தவன் அதையே வண்டியில் மாட்டியிருக்க முடியாது, இதைவிட எளிய சோதனை எனக்குத் தெரியவில்லை. ஆர்ம் போல்ட்டுகளை வண்டி ராம்ப்பில் தொங்கும்போதே போல்ட் முறுக்கும் கன் வைத்து இறுக்கினால் நிறுத்தச் சொல்லுங்கள். வண்டி தன் எடையில் தரையில் நிற்கும்போதுதான் கடைசி இறுக்கம், இல்லையென்றால் ஆர்ம் மூட்டில் இருக்கும் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். லிப்ட்டுக்கு முன்னும் பின்னும் அலைன்மென்ட் தாள் வாங்குங்கள்.

என் வண்டி இப்போது எல்லாம் கழற்றி, பூட் மாற்றி, கம்பெனி உயரத்திலேயே ஓடுகிறது. சமீபத்தில் கோவை வட்டாரத்தில் பில்லில் ஒற்றை வரியோடு லிப்ட் போட்டவர்கள், பழைய சாமான் கைக்கு வரவில்லையென்றால், ஒரு முன் சக்கரத்தைக் கழற்றி முதலில் ஆக்சில் பூட்டைப் பாருங்கள், அப்புறம் ஸ்பிரிங்கில் ஒரு ஓரத்தைச் சுரண்டிப் பாருங்கள். அடியில் இன்னொரு பெயின்ட் தெரிந்தால் துடைக்காமல் போட்டோ எடுத்துவிட்டு எனக்குத் தனியாக ஒரு மெசேஜ் போடுங்கள், புகாரில் சேர்த்துக்கொள்ளலாம்.