கூத்துப் பெட்டியைக் கீபோர்டில் ஏற்றியது: சில ஆண்டு அனுபவம்

பதிவுசெய்த ஒலியைக் கீபோர்டில் வாசிக்கவிடும் சாம்ப்ளர் மென்பொருள்களில் ஆயத்தமாகக் கிடைக்கும் ஹார்மோனியங்கள் பெரும்பாலும் பஜனைக்கு ஏற்றவை. தெருக்கூத்துப் பெட்டியின், அதாவது கூத்தில் வாசிக்கும் ஹார்மோனியத்தின், முரட்டுத்தனம் அவற்றில் வராது. பள்ளி நாடகங்களுக்குப் பின்னணி இசை செய்துகொடுக்கும் எனக்கு அந்த முரட்டுத்தனம்தான் வேண்டும். அதனால் கடலூர் முதுநகரில் எங்கள் தெருவிலேயே இருக்கும் கூத்து வாத்தியாரின் பெட்டியைப் பதிவுசெய்து, ஸ்ஃபோர்ஸாண்டோ என்ற இலவச சாம்ப்ளரில் ஏற்றி, சில ஆண்டுகளாக வாசித்துவருகிறேன்.

இதில் சாம்பிள்களை, அதாவது பதிவுசெய்த ஒலித் துண்டுகளை, சுட்டியால் இழுத்துக் கீபோர்டின் கட்டைகளில் பரப்பும் திரை கிடையாது. எந்த சாம்பிள், எந்தக் கட்டையிலிருந்து எதுவரை, அதன் சொந்தச் சுருதி எது என்பதையெல்லாம் எஸ்எஃப்இசட் என்ற உரைக் கோப்பில் எழுதிக் கொடுக்கவேண்டும். பலருக்கு இது எரிச்சலாக இருக்கும், எனக்கு நிம்மதி. முன்பு காசு கொடுத்து வாங்கிய ஒரு மென்பொருளில் கை சற்று நழுவினாலே எல்லை மாறிவிடும். எங்கே மாறியது என்று ஒவ்வொரு கட்டையாக அழுத்தித் தேடவேண்டும். இங்கே தப்பு இருந்தால் ஒரு வரியில் இருக்கும், அவ்வளவுதான். சுரங்களை மட்டும் எண்ணாகவே எழுதுங்கள். கீபோர்டும் கணினியும் பேசிக்கொள்ளும் மிடி முறையில் நடு ‘ஸி’ 60. அதையே சிலர் ஸி4 என்பார்கள், சிலர் ஸி3 என்பார்கள். பெயரை நம்பினால் வாத்தியம் ஒரு ஸ்தாயி தள்ளி ஒலிக்கும்.

ஒரு சாம்பிளை எத்தனை கட்டைக்குப் பரப்பலாம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சுருதியை உயர்த்த சாம்ப்ளர் ஒலியை வேகமாக ஓட்டுகிறது: மூன்று அரைச்சுரம் ஏற்றினால் ஏறத்தாழ 19 சதவீதம், ஒரு ஸ்தாயி ஏற்றினால் இரு மடங்கு. உள்ளே அதிரும் உலோக நாக்கின் சுருதியோடு மரப்பெட்டியின் முழக்கமும் சேர்ந்து ஏறிவிடுவதால், பொம்மைக் கடையில் வாங்கிய பெட்டி போல ஒலிக்கும். மேலே ஒன்று, கீழே ஒன்று, ஆக மூன்று கட்டைக்கு ஒரு சாம்பிள் என்பது என் எல்லை. அதற்குமேல் பரப்பியதை எல்லாம் பிறகு அழித்தேன்.

இன்னொரு காரணமும் உண்டு. இரட்டை நாக்குப் பெட்டியில் இரு நாக்குகளும் இம்மி வேறுபட்டு ஒலிப்பதால் நாதம் அலை அலையாக வரும். வேகம் கூடினால் அந்த அலையும் விரைகிறது. பரப்பு அதிகமானால் பக்கத்துப் பக்கத்துச் சுரங்கள் வேறு வேறு வேகத்தில் நடுங்கும். கட்டையை அழுத்தியிருக்கும்வரை ஒலி நீள, சாம்பிளின் ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப ஓடவிடும் லூப் போடும்போதும் இந்த அலையைத்தான் எண்ணவேண்டும். விநாடிக்கு இரண்டு அலை என்றால் லூப்பின் நீளம் அரை விநாடியின் மடங்காக, அதாவது விநாடிக்கு 44,100 அளவுப்புள்ளிகள் எடுக்கும் பதிவில் 22,050 புள்ளிகளின் மடங்காக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு விக்கல் கேட்கும். இரவில்தான் பதிவுசெய்தோம். அப்படியும் துறைமுகச் சந்திப்பு நிலையத்து ரயிலின் ஹார்ன் இரண்டு சாம்பிள்களின் வாலில் உட்கார்ந்துகொண்டது. லூப் அதற்கு முன்பே முடிவதால் விட்டுவிட்டேன்.

விரல் அழுத்தத்துக்கு ஏற்ப ஒலி மாறும் வசதியை ஹார்மோனியத்துக்கு அணைத்துவிட வேண்டும். பெட்டியில் ஒலியைக் கூட்டுவதும் குறைப்பதும் துருத்தி, விரல் அல்ல. கோப்பில் இதற்கான ‘ஆம்ப் வெல்ட்ராக்’ மதிப்பை 0 ஆக்கி, ஒலி அளவைக் கால் பெடலுக்குக் கொடுத்தேன். வாத்தியார் ஒருமுறை வந்து வாசித்துவிட்டு, “கால் நல்லாத்தான் மூச்சு விடுது” என்றார்.

மிருதங்கம் வேறு கணக்கு. அங்கே பரப்பவே கூடாது. ‘தொம்’ போன்ற ஒரு அடிச்சொல்லுக்கு ஒரு கட்டை. ஒவ்வொன்றுக்கும் நான்கைந்து அடிகளைச் சுழற்சியில் வைத்தால்தான் இயந்திரம் தட்டுவதாகத் தோன்றாது. முழங்கும் அடி ஒலித்துக்கொண்டிருக்க, மூடிய அடி வந்தால் முன்னது நிற்கவேண்டும். ‘ஆஃப் பை’ கட்டளை அதைச் செய்கிறது. எல்லா அடிகளையும் ஒரே அமர்வில் பதிவுசெய்துவிடுங்கள். கடற்காற்றின் ஈரத்தில் தோல் தளர்ந்தால் மறுநாள் அடி முதல்நாள் அடியோடு சேராது.

சிறு நாதசுரம் போன்ற குழலான முகவீணையை நான் ஏற்றவே இல்லை. அதன் உயிர் சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவே வழுக்கும் இடத்தில் இருக்கிறது, கட்டை கட்டையாகப் பிரித்தால் அது போய்விடும். அதற்கு ஆளைத்தான் கூப்பிடுகிறேன். பங்குனி பிறந்துவிட்டால் மட்டும் அவரிடம் தேதி கிடைப்பதில்லை.