ஏர் கூலர் வாங்கலாமா? பாடாங் செராய்ல கேட்டா ஒரு பதில், பந்திங்ல கேட்டா வேற பதில்

இந்த வருசம் வெயிலு ரொம்ப சீக்கிரம் வந்துருச்சுங்க. மலேசியாவுல நம்ம வடக்குப் பக்கம், பாடாங் செராய் இருக்கிற கெடாவுலயும் பெர்லிஸ்லயும், சீனப் பெருநாள ஒட்டித்தான் கொளுத்த ஆரம்பிக்கும், அது இங்க பொறந்து வளந்த எல்லாருக்கும் தெரிஞ்ச கணக்கு. ஆனா இந்த தடவ பொங்கப் பானைய கழுவி கவுத்த வாரத்துலயே வாசப்புல்லு மஞ்சளா போச்சு, தைப்பூசத்துக்கு முன்னாடியே வீட்டுக்குப் பின்னால இருக்கிற கித்தா காட்டுல, அதான் ரப்பர் தோட்டத்துல, எல கொட்டிருச்சு, நடந்தா காலுக்கடியில அப்பளம் ஒடையிற மாதிரி சத்தம். எல கொட்டுனா என்ன ஆகும்னு தோட்டத்து ஆளுங்களுக்கு சொல்லவே வேணாம், பாலு கொறஞ்சு போகும், அதோட இத்தன நாள் அந்த மரங்க குடுத்த நெழலும் போயிரும், மத்தியானம் ரெண்டு மணிக்கு வெயிலு நேரா தகரத்து மேல எறங்கும்.

அந்த தகரத்துக்குக் கீழதான் எங்கம்மா இருக்காங்க. எழுபத்தி நாலு வயசு, முப்பது வருசம் ரப்பர் மரம் சீவி பாலெடுத்தவங்க. டவுன் பக்கம் தாமான்ல, அதான் குடியிருப்புப் பகுதியில, இருக்கிற எங்க வீட்டுக்கு வாங்கன்னா வர மாட்டாங்க, பழைய வீடு, பாதி செங்கல்லு பாதி பலகை, அதுதான் அவங்களுக்கு ஊரு. ஜனவரி கடைசில ஒரு நாள் மத்தியானம் போய் பாத்தேன், ஈரத்துண்ட கழுத்துல சுத்திக்கிட்டு சிமெண்டு தரையில படுத்திருந்தாங்க, ஃபேன் ஓடுது ஆனா அது மேல இருந்து சூட்டத்தான் கீழ தள்ளுது. அவங்க பாதத்த தொட்டு பாத்தேன், அடுப்படி கல்லு மாதிரி இருந்துச்சு. எனக்கு மனசே சரியில்ல. அன்னிக்கு சாயந்தரமே டவுனுக்குப் போய் ஒரு ஏர் கூலர் வாங்கிட்டு வந்தேன், இது அதோட ரிவியூதான், மூணு மாசம் ஓட்டி பாத்துட்டு எழுதுறேன்.

மொதல்ல ஏன் ஏர்கான் போடலன்னு கேப்பீங்க. பலகை வீட்டுல ஏர்கான் போட்டா குளிரு முழுக்க இடுக்கு வழியா வெளிய போயிரும், மிஷின் நிக்காம ஓடும், ஒரு குதிரசக்தி ஏர்கான்னா எண்ணூறு தொள்ளாயிரம் வாட் இழுக்கும், அம்மாவோட பழைய வயரிங்குக்கு அது பயமா இருந்துச்சு. கூலர் வெறும் 65 வாட், ஒரு ஃபேன் மாதிரிதான். வெல 329 வெள்ளி (ரிங்கிட்), முப்பது லிட்டர் தண்ணி புடிக்கிற டேங்க், பின்னால தேன்கூடு மாதிரி அட்டைப் பேடு, ரெண்டு ஐஸ் டப்பா, ஒரு ரிமோட். கடை பேரும் பிராண்டு பேரும் போடல, இந்த வெலைக்கு வர்ற மிஷினெல்லாம் உள்ளுக்குள்ள கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

ஆனா கடையில வித்த தம்பி சொன்ன ரெண்டு விசயம் தப்பு, அத சொல்லியே ஆகணும். ஒண்ணு, கதவு ஜன்னல் எல்லாம் நல்லா சாத்திட்டு போடுங்க அப்பதான் ஜில்லுன்னு இருக்கும்னு சொன்னாரு. ரெண்டு, ஐஸ் போட்டா ஏர்கான் மாதிரியே இருக்கும்னு சொன்னாரு. அவரு சொன்ன மாதிரியே மொத நாள் ரூம்ப மூடி போட்டோம், அர மணி நேரம் நல்லா இருந்துச்சு, அதுக்கப்புறம் அம்மாவுக்கு மூச்சு முட்டுது, தலகாணி பிசுபிசுங்குது, சுவத்துல கை வச்சா ஈரம். "எடுத்துட்டுப் போடா இத, வேகவைக்கிற மாதிரி இருக்கு"ன்னுட்டாங்க.

அப்புறம் நானே உக்காந்து யோசிச்சு பாத்தேன். கூலர் குளிர உண்டாக்குற மிஷின் இல்ல. பேடுல ஊறுன தண்ணி ஆவியா போறப்ப காத்துல இருக்கிற சூட்ட இழுத்துக்கும், மண்பானையில தண்ணி ஜில்லுன்னு ஆகுதே, அதே வேலதான். அந்த ஆவி எங்க போகும்? ரூம்புக்குள்ளதான். ஜன்னல மூடுனா ஈரம் சேந்துகிட்டே வரும், ஈரம் நெறஞ்ச காத்துல தண்ணி மேல ஆவியாகாது, அப்ப குளிரும் நின்னு போகும். அதனால கூலரோட முதுகு ஒரு ஜன்னலப் பாத்து இருக்கணும், எதுத்தாப்புல கதவு தொறந்து இருக்கணும், காத்து ஒரு பக்கம் பூந்து ஒரு பக்கம் போகணும். எந்த பலகை இடுக்கால ஏர்கான் வேணாம்னு சொன்னேனோ அந்த இடுக்குதான் கூலருக்கு நல்லது. மறுநாள் அப்படி மாத்தி வச்சதும் அம்மா மத்தியான தூக்கம் தூங்குனாங்க, எழுந்திரிச்சு வந்து "பரவாயில்லடா"ன்னாங்க, அவங்க வாயில பரவாயில்லன்னு வந்தா அது பெரிய சர்டிபிகேட்டு.

ஐஸ் விசயமும் சொல்லிடுறேன். ஒரு கிலோ ஐஸ் உருகுறப்ப இழுக்கிற சூட்ட விட, ஒரு கிலோ தண்ணி ஆவியாகி போறப்ப இழுக்கிற சூடு ஏழு மடங்குக்கு மேல. டப்பா ரெண்டும் சேந்து ஒரு கிலோ ஐஸ்தான் புடிக்கும், மொத பத்து இருவது நிமிசம் கொஞ்சம் ஜில்லுன்னு தெரியும் அவ்வளவுதான், அதுக்காக பிரீசர் வேற கரண்டு தின்னுட்டு அடுப்படிய சூடாக்கும். நாங்க இப்ப அந்த டப்பாவ தொடறதே இல்ல.

சரி எவ்வளவு குளிருதுன்னு பாக்க, சூடும் ஈரப்பதமும் காட்டுற ஒரு சின்ன மீட்டர் வாங்குனேன், இருவது வெள்ளி. பிப்ரவரி நடுவுல ஒரு நாள் மத்தியானம் மூணு மணிக்கு அம்மா வீட்டுக்குள்ள 36 டிகிரி, ஈரப்பதம் 44 சதவீதம், கூலர் வாயில வச்சா 29. ஏழு டிகிரி! அம்பது வாட்டி சொல்றத விட அந்த நம்பர பாத்ததுல எனக்கு சந்தோசம். பன்னெண்டு மணில இருந்து அஞ்சு மணிக்குள்ள பத்து லிட்டர் தண்ணி காலியாச்சு. இத ஞாபகம் வச்சுக்குங்க, தண்ணி கொறஞ்சாத்தான் குளிரு வருதுன்னு அர்த்தம், தண்ணி கொறையலன்னா வெறும் ஃபேன்தான் ஓடிக்கிட்டு இருக்கு.

இந்த நம்பர போன்ல தங்கச்சிகிட்ட சொன்னதுதான் நான் பண்ண தப்பு. அவ தெக்க சிலாங்கூர் கடலோரத்துல, பந்திங்ல இருக்கா, அங்கயும் வெயிலு தாங்கலன்னு சொன்னவ அதே மாடல் அதே வாரத்துல வாங்கிட்டா. ரெண்டு நாள்ல போன் வருது, "என்னாண்ணே, நீ சொன்னேன்னு வாங்குனேன், பிள்ளைங்க மெத்தையெல்லாம் ஈரமா போச்சு, அலமாரி பின்னால பூஞ்சக்காளான் புடிக்குது, குளிர மட்டும் காணோம்"ங்கிறா. நான் நம்பல, மீட்டர எடுத்துக்கிட்டு அடுத்த வாரமே எறங்கிப் போனேன். சாயந்தரம் மழ பேஞ்சு விட்டிருந்துச்சு, வீட்டுக்குள்ள 31 டிகிரி, ஈரப்பதம் 82, கூலர் வாயில 29. வெறும் ரெண்டு டிகிரி. மூணு மணி நேரம் ஓட விட்டு டேங்க பாத்தா ரெண்டு லிட்டர் கூட கொறையல. ஜன்னல் தொறந்து பாத்தோம், எடம் மாத்தி பாத்தோம், ஒண்ணும் நடக்கல. மிஷின் கெட்டுப் போகலங்க, ஊரு வேற அவ்வளவுதான்.

இதுதான் எனக்கு ஆதங்கம். மலேசியான்னா வருசம் முழுக்க ஒரே வெயில் ஒரே மழன்னு நெனைக்கிறோம், கடைக்காரங்களும் அப்படித்தான் ஒரே பேச்ச எல்லா ஊர்லயும் பேசி விக்கிறாங்க. அப்படி இல்லவே இல்ல. நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் வடகிழக்கு பருவக்காத்து தென்சீனக் கடல்ல இருந்து ஈரத்த அள்ளிக்கிட்டு வருது, அதுல பெரும்பகுதிய கெழக்குக் கரையில கிளந்தான் திரங்கானு பக்கம் கொட்டிருது, நடுவுல தித்திவாங்சா மலை வேற மறிச்சு நிக்குது, அத தாண்டி நம்ம கெடா பெர்லிஸ் பக்கம் வர்றப்ப காத்துல ஈரம் கொறஞ்சு போயிருது. அதனாலதான் அவங்களுக்கு வெள்ளம் வடிஞ்ச கையோட நமக்கு புல்லு காயுது. தெக்க ஜொகூர் பக்கம் அந்த சமயத்துல மழ நிக்கிறதே நிச்சயமில்ல, 2023 மார்ச் மாசம் யோங் பெங், பத்து பகாட் பக்கம் எவ்வளவு பெரிய வெள்ளம், ஜனங்க நிவாரண முகாம்ல கெடந்தாங்க, மார்ச்சுன்னா இங்க நாங்க குடை புடிக்கிறது வெயிலுக்குத்தான். பந்திங் கடலோரம், எப்பவும் ஈரக்காத்து. தெர்மாமீட்டர்ல நம்மள விட நாலஞ்சு டிகிரி கம்மியா காட்டும், ஆனா வேர்வ காயாது, ஒடம்பு கசகசன்னு இருக்கும், அவளுக்கு வெயிலு இல்ல புழுக்கம்தான் பிரச்சன. எங்களுக்கு வெயிலு. அதுக்கு மருந்தும் வேற.

நாட்டுலயே அதிகமான சூடு பதிவானதும் நம்ம வடக்குலதான், பெர்லிஸ் சுப்பிங்ல 1998 ஏப்ரல் 9ஆம் தேதி 40.1 டிகிரி. 2016 ஏப்ரல்ல வெயிலுக்காக பெர்லிஸ் கெடா ரெண்டுலயும் பள்ளிக்கூடத்த மூடுனாங்க. ரெண்டுமே எல் நினோ சமயம், அதாவது பசிபிக் கடல் சூடாகி நம்ம பக்கம் மழ கொறையிற காலம். வானிலை ஆய்வுத் துறை கணக்குப்படி மூணு நாள் தொடந்து 35ல இருந்து 37 டிகிரி வரைக்கும் போனா மஞ்ச எச்சரிக்கை, 37க்கு மேல 40 வரைக்கும் போனா அதுதான் வெப்ப அலை, 40ஐ தாண்டுனா சிவப்பு. வீட்டுல வயசானவங்க இருந்தா அந்த லிஸ்ட்ல நம்ம மாவட்டம் இருக்கான்னு தினம் பாத்துருங்க, கோலாலம்பூர்ல மழ பேயுதுன்னு நியூஸ்ல பாத்துட்டு இங்க அசால்ட்டா இருக்காதீங்க.

கரூர் பக்கம் எங்க சித்தப்பா வழி சொந்தம் இருக்காங்க, அவங்க வீட்டுல பெரிய தகரக்கூலர் வச்சு இந்த அட்டைக்கு பதிலா வைக்கோல் மாதிரி மரச்சீவல் பேடு போட்டு கத்திரி வெயிலயே ஓட்டிருவாங்க, அங்க காத்து அவ்வளவு காஞ்சு கெடக்கும். அதே தமிழ்நாட்டுல சென்னையில இருக்கிற மாமா பொண்ணு கூலர பரண் மேல தூக்கி வச்சுட்டா, கடல் காத்து. ஆக பந்திங்குக்கும் சென்னைக்கும் ஒரே கத, எங்களுக்கும் கரூருக்கும் ரெண்டு மாசத்துக்காவது சொந்தம்.

ரெண்டு மாசம்னு ஏன் சொல்றேன்னா, மார்ச் கடைசில பருவக்காத்து மாறிருச்சு, தெனமும் சாயந்தரம் இடி மழ. அன்னில இருந்து மீட்டர் ஈரப்பதம் 75, 80ன்னு காட்டுது, கூலர்ல வர்ற காத்து வெறும் ஃபேன் காத்து. ராத்திரிக்கு எந்த மாசத்துலயும் இது வேலைக்கு ஆகாது, பொழுது சாஞ்சா ஈரப்பதம் தானா ஏறிரும், பத்து மணிக்கு மேல அம்மாவே ஆஃப் பண்ணிட்டு சீலிங் ஃபேன் போட்டுக்குவாங்க.

கொற இன்னும் இருக்கு. மூணாவது வாரம் பம்பு தண்ணி ஏத்தறத நிறுத்திருச்சு, வாங்குன கடைக்கு தூக்கிட்டுப் போனா வேற ஊருக்கு அனுப்பணும் மூணு வாரம் ஆகும்னாங்க, கொளுத்துற வெயில்ல மூணு வாரம்! வயசானவங்க வீட்டு சாமான் இதுன்னு சொல்லியும் மாத்து மிஷின் குடுக்கல, எனக்கு கோவம் வந்துருச்சு. திரும்ப தூக்கிட்டு வந்து என் மகன் பின் மூடிய கழட்டி பாத்தான், பம்பு வாயில பைப்பு தண்ணியோட சேறு அடச்சிருந்துச்சு, பழைய பல்லு வெளக்குற பிரஷ்ஷால தேச்சதும் ஓடுது. இப்ப டேங்க் வாயில ஒரு துணிய கட்டி வடிகட்டித்தான் ஊத்துறோம். பேடு பத்து நாளைக்கு ஒருக்கா ஊறப்போட்ட சாக்கு மாதிரி நாறும், காடி கலந்த தண்ணியில அலசி வெயில்ல காய வச்சா போயிரும்.

எல்லாத்த விட முக்கியம் கொசு. டேங்க்ல நிக்கிறது சுத்தமான தண்ணி, ஏடிஸ் கொசுவுக்கு அதுதான் புடிக்கும், முட்ட கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். மேனுவல்ல இதப் பத்தி ஒரு வரி கூட இல்ல. நாலு நாளைக்கு ஒருக்கா கீழ இருக்கிற மூடிய தொறந்து முழுசா வடிச்சுட்டு டேங்க் சுவத்த தேச்சு கழுவுங்க, முட்ட சுவத்துலதான் ஒட்டியிருக்கும். வெயிலுக்கு வாங்கி டிங்கில போய் நிக்க வேணாம்.

வாங்கணுமான்னு கேட்டா, பெர்லிஸ், கெடா, வடக்கு பேராக் பக்கம், காத்தோட்டம் உள்ள வீடு, பகல்ல வீட்டுல இருக்கிற வயசானவங்க, இவங்களுக்கு 329 வெள்ளி குடுக்கலாம், அஞ்சுக்கு நாலு மார்க் போடுவேன். கிள்ளான், பந்திங், ஜொகூர் ஆளுங்க வேணாம், அந்த காசுக்கு ரெண்டு நல்ல ஸ்டாண்டு ஃபேனும் கூரைக்கு அடியில அலுமினிய ஃபாயிலும் போட்டுக்குங்க. அம்மா வீட்டுக்கும் அடுத்த சம்பளத்துல அந்த ஃபாயிலு போடப்போறேன், சூடு உள்ள வந்தப்புறம் வெரட்டுறத விட கூரையிலயே நிறுத்துறது நல்லது. வாங்குற முன்னாடி இருவது வெள்ளி மீட்டர மொதல்ல வாங்கி ஒரு வாரம் மத்தியானத்துல பாருங்க, ஈரப்பதம் 55க்கு கீழ எறங்குச்சுன்னா கூலர் வாங்கலாம், எறங்கலன்னா காசு மிச்சம்.

போன வாரம் டேங்க வடிச்சு, பேட காய வச்சு, பிளாஸ்டிக் பையில சுத்தி அம்மா கட்டிலுக்கடியில தள்ளியாச்சு. தங்கச்சி வீட்டு கூலரும் கார்ல ஏத்தி இங்க வந்துருச்சு, அது அம்மாவுக்கு ரெண்டு வீடு தள்ளி தனியா இருக்கிற பாட்டிக்கு. ஜனவரில எல கொட்ட ஆரம்பிச்சதும் ரெண்டையும் எடுக்கணும்.