நான்கு தியேட்டரில் தொடங்கும் படங்கள்: ஏ24-ஐ நீண்ட நாள் பின்தொடர்ந்த அனுபவம்

நியூஜெர்சியில் குடியிருப்பதால் ஆற்றைக் கடந்தால் மன்ஹாட்டன் தியேட்டர்கள். அந்த வசதியில், ஏ24 என்ற அமெரிக்கத் திரைப்பட நிறுவனம் படங்களை வெளியிடத் தொடங்கிய நாட்களிலிருந்தே அவர்களுடைய பெரும்பாலான படங்களைத் தியேட்டரில் பார்த்துவருகிறேன். ஒவ்வொரு படத்துக்கும் விமர்சனம் எழுதுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒரு கம்பெனியை வருடக்கணக்கில் பயன்படுத்திப் பார்த்த ரசிகனுக்கு அது எப்படி மாறியது என்பதை யாரும் அவ்வளவாக எழுதுவதில்லை. ஏ24 என்றதும் எல்லோரும் பேசுவது அவர்களுடைய ரசனையைப் பற்றி. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, எடுத்த படத்தை அவர்கள் மக்களிடம் கொண்டுபோன விதம். மாற்றமும் அங்கேதான் நடந்தது.

2012-ல் நியூயார்க்கில் மூன்று பேர் சேர்ந்து ஆரம்பித்த கம்பெனி இது: டேனியல் காட்ஸ், டேவிட் ஃபெங்கல், ஜான் ஹாட்ஜஸ். மூவருமே இயக்குநர்கள் அல்ல. படங்களுக்குப் பணம் திரட்டுவது, தயாரிப்பது, விநியோகிப்பது என்ற பக்கத்திலிருந்து வந்தவர்கள். ரோமிலிருந்து டெராமோ போகும் இத்தாலிய நெடுஞ்சாலையின் எண்தான் கம்பெனியின் பெயர். முதலில் அவர்கள் படம் தயாரிக்கவில்லை. மற்றவர்கள் எடுத்ததை வாங்கி வெளியிட்டார்கள், அவ்வளவுதான்.

அவர்கள் தொடங்கிய காலத்தை நினைத்துப் பார்த்தால்தான் அந்தத் துணிச்சல் புரியும். அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் கலைப்பட விநியோகம் அமெரிக்காவில் சரிந்து விழுந்திருந்தது. கலைப்படங்களை வாங்கி வெளியிட்ட மிராமாக்ஸ் கம்பெனி தொண்ணூறுகளில் சம்பாதித்ததைப் பார்த்துப் பெரிய ஸ்டுடியோக்கள் எல்லாமே கலைப்படத்துக்கென்று தனிப் பிரிவு வைத்துக்கொண்டன. திரைப்பட விழாக்களில் ஒருவருக்கொருவர் போட்டி போட்டு விலையை ஏற்றினார்கள். ஆஸ்கர் பிரசாரத்துக்குக் கொட்டிய பணம் தனி. டிவிடி விற்பனை இருந்தவரை அது தாங்கியது. அது இறங்க ஆரம்பித்ததும் கணக்கு உடைந்தது. 2008-ல் வார்னர் இண்டிபெண்டன்ட், பிக்சர்ஹவுஸ் என்ற தன் கலைப்படப் பிரிவுகள் இரண்டையும் மூடுவதாக வார்னர் பிரதர்ஸ் அறிவித்தது. பாரமவுண்ட் வான்டேஜும் அதே ஆண்டு தாய் நிறுவனத்துக்குள் கரைந்தது. மிராமாக்ஸையே டிஸ்னி 2010-ல் 66 கோடி டாலருக்கு விற்றுவிட்டது. இந்தத் தொழில் முடிந்தது என்று பலர் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில்தான் ஏ24 வந்தது.

ஆரம்பத்தில் எல்லாமே நன்றாக இருந்தன என்று சொல்ல மாட்டேன். 2013-ல் வந்த முதல் வெளியீடு யாருக்கும் நினைவில்லை. டைரக்டிவி என்ற செயற்கைக்கோள் தொலைக்காட்சி நிறுவனத்தோடு ஒரு ஒப்பந்தம் போட்டு, சில படங்களைத் தியேட்டருக்கு முன்பே வீட்டுத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். அந்த வரிசையில் சுமாரானவை பல உண்டு. ஆனால் அந்த ஒப்பந்தம் தந்த நிச்சயமான வருமானம்தான் கம்பெனியைக் காப்பாற்றியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். இன்னொரு பக்கம், விளம்பரத்தை இணையத்தில், இளைஞர்கள் இருக்கும் இடத்தில் செய்தார்கள். 2015-ல் எக்ஸ் மெஷினா படத்துக்காக, ஆஸ்டின் நகரத் திருவிழா நேரத்தில் ஜோடி தேடும் டிண்டர் செயலியில் கதாநாயகியின் படத்தோடு ஒரு பொய்க் கணக்கு வைத்து, வந்தவர்களோடு அரட்டை அடிக்க விட்டார்கள். மனிதன் போலப் பேசும் இயந்திரத்தைப் பற்றிய படத்துக்கு இதைவிடப் பொருத்தமாக என்ன செய்ய முடியும்! அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அந்தப் படம், ரூம், ஏமி என்று மூன்று படங்களுக்கு ஒரே இரவில் ஆஸ்கர் கிடைத்தது. ஆரம்பித்து நான்கு ஆண்டுகூட முழுதாக ஆகவில்லை.

சரி, வெளியீட்டு முறைக்கு வருகிறேன். கலைப்படங்களுக்கு இங்கே ஒரு பழைய வழக்கம் உண்டு. முதல் வெள்ளிக்கிழமை நியூயார்க்கிலும் லாஸ் ஏஞ்சல்ஸிலும் மட்டும் மூன்று, நான்கு தியேட்டர்களில் படத்தைப் போடுவார்கள். மொத்த வசூலை அப்போது யாரும் பார்ப்பதில்லை. ஒரு தியேட்டருக்குச் சராசரியாக எவ்வளவு வந்தது என்றுதான் பார்ப்பார்கள். அந்த எண் நன்றாக இருந்தால் அடுத்த வாரம் சில நகரங்கள், அதற்கடுத்த வாரம் இன்னும் சில. பார்த்தவர் சொல்லிப் பார்க்காதவர் வர வேண்டும். தமிழ்நாட்டிலும் ஒரு காலத்தில் பெரிய ஊரில் ஓடி முடித்த பெட்டி மாதங்கள் கழித்துச் சின்ன ஊருக்கு வரும், படம் வருவதற்கு முன்னால் அதன் பேச்சு வந்துவிடும். பிரிண்டுக்கு ஆகும் செலவும் அதற்கு ஒரு காரணம். இங்கே பேச்சு பரவ நேரம் கொடுப்பதையே திட்டமாக வைத்திருந்தார்கள்.

இந்த முறை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நான் கண்ணால் பார்த்த சாட்சி மூன்லைட். பெரிய நட்சத்திரம் யாரும் மையத்தில் இல்லை. மயாமியின் ஏழைக் குடியிருப்பில் வளரும் ஒரு கறுப்பினப் பையனின் மூன்று பருவங்கள். ஏ24 முதன்முதலாகத் தானே தயாரித்த படம், அதுவும் மிகக் குறைந்த செலவில். 2016 அக்டோபர் 21 அன்று நான்கே தியேட்டர்களில் வந்தது. அந்த வார இறுதியில் ஒவ்வொன்றிலும் சராசரியாக ஒரு லட்சம் டாலர் வசூல். முதல் வாரம் நான் போனபோது டிக்கெட்டே கிடைக்காமல் அடுத்த காட்சிக்குத்தான் உள்ளே போக முடிந்தது. ஹூஸ்டன் தெருப் பக்கத்தில் உள்ள தியேட்டர் அது. கீழே சுரங்க ரயில் போகும்போதெல்லாம் நாற்காலி லேசாக அதிரும். கடற்கரைக் காட்சியில் அந்த அதிர்வு வந்தபோதும் ஒருவர்கூட அசையவில்லை. டெக்சாஸில் இருக்கும் சித்தி மகன் ஃபோன் பண்ணி, “அண்ணா, இங்க எப்ப வரும்?” என்று வாராவாரம் கேட்டுக்கொண்டிருந்தான். அந்தக் காத்திருப்பும் சேர்ந்துதான் படத்தை வளர்த்தது. நவம்பரில் நூற்றுக்கணக்கான தியேட்டர்கள், பிப்ரவரியில் சிறந்த படத்துக்கான ஆஸ்கர், அதன்பின் 1,500-க்கும் மேற்பட்ட தியேட்டர்கள். உலகம் முழுக்க ஆறரைக் கோடி டாலர் வசூல். விருது மேடையில் முதலில் வேறு படத்தின் பெயரை வாசித்துவிட்ட குழப்பத்தைத்தான் எல்லோரும் நினைவு வைத்திருக்கிறார்கள். எனக்கு நினைவில் நிற்பது அதற்கு முந்தைய அந்த நான்கு மாதங்கள்.

இதே காலத்தில் இன்னொரு கையால் அவர்கள் வேறு மாதிரியும் செய்துகொண்டிருந்தார்கள். 2016-ல் தி விட்ச் படத்தை எடுத்த எடுப்பில் 2,000 தியேட்டர்களில் போட்டார்கள். பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலம் பேசும் மெதுவான படம், விளம்பரமோ பேய்ப்படம் போல. வெளியே வந்த ரசிகர்களிடம் கேட்டு மதிப்பெண் போடும் சினிமாஸ்கோர் அமைப்பில் அதற்குக் கிடைத்தது சி மைனஸ் என்ற மோசமான மதிப்பெண். 2018-ல் ஹெரிடிட்டரி என்ற திகில் படத்துக்கு அதைவிடக் குறைவு, டி பிளஸ். இரண்டுமே நல்ல படங்கள், இரண்டுமே செலவைப் போல் பல மடங்கு வசூல் செய்தன. ஆனாலும் திட்டிக்கொண்டே வெளியேறியவர்கள் பக்கமும் நியாயம் உண்டு என்று நினைக்கிறேன். அவர்களுக்குச் சொல்லப்பட்டது ஒன்று, காட்டப்பட்டது வேறு. நான்கு தியேட்டரில் தொடங்கும் படத்துக்கு இந்தப் பிரச்சினை வராது, ஏனென்றால் என்ன மாதிரிப் படம் என்று தெரிந்தவர்கள்தான் முதலில் வருவார்கள்.

அந்த மெதுவான முறைக்குப் பெரிய அடி பெருந்தொற்றில் விழுந்தது. ஃபர்ஸ்ட் கௌ 2020 மார்ச் 6 அன்று சில தியேட்டர்களில் மட்டும் வந்தது. நான் அந்த வாரமே பார்த்தேன். ஆரிகன் காட்டில் இரண்டு நண்பர்கள், ஒரு பசு, திருடிய பாலில் செய்த பலகாரம். மெல்லப் பரவ வேண்டிய படம். அதற்குள் நாடு முழுக்க தியேட்டர்கள் மூடப்பட்டன, ஜூலையில் நேராக வீட்டுத் திரைக்குப் போனது. அந்த ஆண்டின் மிகச் சிறந்த படங்களில் ஒன்று அது, இன்றும் பலருக்கு அதன் பெயர்கூடத் தெரியாது.

2022 மார்ச்சில் இரண்டு விஷயங்கள் ஒரே மாதத்தில் நடந்தன. வெளியிலிருந்து 22.5 கோடி டாலர் முதலீடு வாங்கினார்கள், கம்பெனியின் மதிப்பு 250 கோடி டாலர் என்று கணக்கிடப்பட்டது. அதே மாதம் எவ்ரிதிங் எவ்ரிவேர் ஆல் அட் ஒன்ஸ் பத்தே தியேட்டர்களில் ஆரம்பித்து, இரண்டு வாரம் கழித்துப் பரவி, கோடை முழுக்க ஓடி, ஏ24 வரலாற்றில் பத்துக் கோடி டாலரைத் தாண்டிய முதல் படமானது. அடுத்த ஆண்டு ஏழு ஆஸ்கர். என்னைக் கேட்டால் பழைய முறையின் உச்சம் அதுதான். ஆனால் முதலீடு செய்தவர்களுக்கு அது வேறு பாடம் சொல்லியிருக்க வேண்டும்: இவர்களால் பெரிய பணம் பண்ண முடியும், அதனால் பெரிய படம் எடுக்கட்டும்.

அப்புறம் செலவு ஏற ஆரம்பித்தது. 2023-ல் போ இஸ் அஃப்ரைட் மூன்றரைக் கோடி டாலரில் எடுக்கப்பட்டது. உலக வசூல் அதில் பாதிகூட வரவில்லை. 2024-ல் சிவில் வார், ஐந்து கோடி டாலர் செலவு. கிட்டத்தட்ட 3,800 தியேட்டர்களில் வந்து முதல் வாரமே முதலிடம் பிடித்தது. அது வென்றது. அந்த ஆண்டே கம்பெனியின் மதிப்பு 350 கோடி டாலருக்கு ஏறியது. 2025 அக்டோபரில் அதே ஐந்து கோடி டாலரில் தி ஸ்மாஷிங் மெஷின். 3,000-க்கும் மேற்பட்ட தியேட்டர்கள், முதல் வார இறுதியில் அறுபது லட்சம் டாலருக்குள்தான் வந்தது. வெனிஸ் விழாவில் சிறந்த இயக்குநருக்கான வெள்ளிச் சிங்கம் வாங்கிய படம் அது. எனக்குப் பிடித்தது. மல்யுத்த நட்சத்திரம் நடித்த சண்டைப்படம் என்று வந்தவர்களுக்கு, வலிமாத்திரைக்கு அடிமையான ஒருவனின் நிதானமான கதை கிடைத்தது. மூன்றாயிரம் தியேட்டரில் திங்கட்கிழமை காலையே தீர்ப்பு எழுதிவிடுவார்கள். அதற்குப் பிறகு யார் பாராட்டினாலும் ஓட இடம் இருக்காது. மூன்லைட்டுக்குக் கிடைத்த நான்கு மாதம் இந்தப் படத்துக்கும் கிடைத்திருக்க வேண்டும் என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் போகவில்லை. ஆனால் ஐந்து கோடி செலவழித்த படத்தை நான்கு தியேட்டரில் வைத்துக் காத்திருக்க எந்த முதலீட்டாளரும் பொறுமை காட்ட மாட்டார்.

பழைய ஏ24 முழுக்கப் போய்விடவும் இல்லை. வெனிஸில் பார்த்து வாங்கிய தி புருட்டலிஸ்ட் மூன்றரை மணி நேரப் படம், தயாரிப்புச் செலவு ஒரு கோடி டாலர் அளவுதான். 2024 டிசம்பரில் நான்கு தியேட்டரில் ஆரம்பித்தார்கள். 70 எம்எம்-ல் பார்த்தேன். நடுவே பதினைந்து நிமிட இடைவேளை. திரையில் ஒரு பழைய கல்யாணப் புகைப்படமும், மீதி நேரம் காட்டும் கடிகாரமும். நமக்கு இடைவேளை இல்லாத சினிமாதான் விசித்திரம், அமெரிக்கர்களுக்கு இது புது அனுபவம். வராந்தாவில் முன்பின் தெரியாதவர்கள் நின்று முதல் பாதியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்படி ஒரு காட்சியை இங்கே நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

வீட்டில் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏ24 படங்களுக்கு அமெரிக்காவில் நிலையான ஒரே வீடு கிடையாது. ஒப்பந்தம் மாறும்போதெல்லாம் ஷோடைம் சேனல், பிறகு எச்பிஓ மேக்ஸ் ஓடிடி என்று இடம் மாறும். பிடித்த படத்தை ப்ளூ-ரே தட்டாக வாங்கி வைப்பதே நல்லது. அவர்களே வெளியிடும் 4கே தட்டுகளில் படத்தரமும் கூட வரும் சிறு புத்தகமும் அருமை. தொப்பி, மெழுகுவர்த்தி, உறுப்பினர் திட்டம் எல்லாம் உண்டு, எனக்கு அவற்றில் ஆர்வமில்லை. தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இந்த முத்திரையால் பெரிய பயன் இல்லை. வெளிநாட்டு உரிமைகள் பெரும்பாலும் படத்துக்குப் படம் வெவ்வேறு விநியோகஸ்தர்களிடம் போவதால், அங்கே எப்போது, எங்கே வரும் என்பது அவர்கள் கையில்.

நான்கு தியேட்டர் முறையை இப்போது அதிகம் நம்புவது நியான். 2017-ல் வந்த கம்பெனி. 2019-ல் பாரசைட்டை மூன்று தியேட்டர்களில் ஆரம்பித்து, சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய, ஆங்கிலம் அல்லாத மொழியின் முதல் படமாகக் கொண்டுபோனார்கள். அதிலிருந்து 2025 வரை கான் விழாவின் உயரிய விருதான தங்கப்பனையை வாங்கிய ஆறு படங்களும் தொடர்ச்சியாக அமெரிக்காவில் அவர்களிடம்தான் வந்தன. அறுபது லட்சம் டாலரில் எடுத்த அனோரா ஆறு தியேட்டரில் தொடங்கி ஐந்து ஆஸ்கரில் முடிந்தது. அதைவிடச் சிறிய அளவில், 1956 முதல் இருக்கும் ஜானஸ் ஃபிலிம்ஸும் சைட்ஷோ என்ற சிறு நிறுவனமும் சேர்ந்து வேலை செய்கிறார்கள். பாயல் கபாடியாவின் ஆல் வி இமாஜின் அஸ் லைட் இங்கே அவர்கள் மூலம்தான் வந்தது. மலையாளமும் இந்தியும் பேசும் படத்துக்கு மன்ஹாட்டனில் அரங்கு நிறைந்திருந்ததைப் பார்த்தபோது எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

2025 டிசம்பரில் ஏ24 மார்ட்டி சுப்ரீமை ஆறு தியேட்டரில் ஆரம்பித்தது. அவர்கள் எடுத்ததிலேயே அதிகச் செலவான படங்களில் ஒன்று அது. ஒரு தியேட்டருக்குச் சராசரியாக 1.4 லட்சம் டாலருக்கு மேல் வந்தது. ஆனால் அந்த ஆறு தியேட்டர் கட்டம் ஒரு வாரம்கூட நீடிக்கவில்லை, கிறிஸ்துமஸுக்கு நாடு முழுக்கப் போய்விட்டது. நியூயார்க், லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் இருக்கும் நம்மவர்களிடம் கேட்பது இதுதான்: சின்னப் படம் ஒன்று மூன்று, நான்கு தியேட்டரில் வந்தால் முதல் வெள்ளி, சனி, ஞாயிறுக்குள் போய்ப் பாருங்கள். மற்ற ஊர்களுக்கு அது போகுமா என்பதை முடிவு செய்வது அந்த மூன்று நாள் கணக்கு.