திருமலையில் வாங்கிய சம்மதக் கையொப்பம்

என் மனைவியின் முதல் திருமணத்துப் பிள்ளையை நான் சட்டப்படி மகளாக்க லண்டனில் மனுப் போடுகிறோம். பெற்ற தகப்பன் இலங்கையில் திருகோணமலையில் (நாங்கள் திருமலை என்போம்) இருக்கிறார். அவர் மறுத்தாலும் பிள்ளையின் நலன் கருதி நீதிமன்றம் உத்தரவு போடலாம்தான். அந்த வழியில் போக எங்களுக்கு மனமில்லை. கையொப்பம் வாங்க ஊருக்குப் போனேன்.

இங்கிலாந்தில் பிள்ளை எங்களோடு ஆறு மாதமாவது வாழ்ந்திருக்க வேண்டும். மனுவுக்கு மூன்று மாதம் முன்பே எங்கள் பகுதிக் கவுன்சிலுக்கு அறிவிக்க வேண்டும். சமூகப் பணியாளர் வீட்டுக்கே வந்து பிள்ளையோடு தனியாகப் பேசுகிறார். அப்படியிருக்க, திருமலை டவுனில் ஒரு சட்டத்தரணியின் கந்தோரில் சொன்னது இது: “அவர் வரத் தேவையில்லை அண்ணை. கையெழுத்தை வாங்கிக்கொண்டு வாங்கோ, சீல் அடிச்சுத் தாறம்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தெரிந்த ஆள் இருந்தால் அலுவல் முடியும் என்ற அதே பழைய பழக்கம். காணிக் கடதாசியா இது? ஒரு மனிதன் தகப்பன் என்ற உரிமையை விட்டுக்கொடுக்கிறான், அவன் முகத்தையாவது பார்க்க வேண்டாமா?

வெளிநாட்டில் வைக்கும் கையொப்பத்துக்கு அந்நாட்டில் சத்தியம் செய்விக்க அதிகாரமுள்ளவர் சாட்சியாக இருந்தால் போதும். அப்புறம் மாமா சொல்லி, ஓய்வுபெற்ற ஆசிரியரான அந்த அதிகாரமுள்ள ஒரு சமாதான நீதவானிடம் பிள்ளையின் தகப்பனும் நானும் போனோம். ஐயா அடையாள அட்டையை வாங்கி, படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தார். ஆங்கிலப் படிவத்தை வரிவரியாகத் தமிழில் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, “தம்பி, நீங்கள் கொஞ்சம் கேற்றடியில நில்லுங்கோ” என்றார்.

நின்றேன். ரோட்டில் மான்கள் மேய்ந்தன, நேரம் போனது. உள்ளே ஐயாவின் குரல் மட்டும் கேட்டது: “இதில வைச்சு, நீதிமன்றம் உத்தரவு போட்டால் சட்டப்படி நீர் தகப்பன் இல்லை. ஆரும் வற்புறுத்தினவையோ? விளங்கித்தான் வைக்கிறீரோ?”

கூப்பிட்டபோது தகப்பனின் கண் சிவந்திருந்தது. “பிள்ளையை வந்து பாக்கலாமோ?” என்று கேட்டார். எப்போதும் வரலாம் என்றேன். ஐயாவுக்கு முன்னால் கையொப்பம் வைத்தார். காசு நீட்டினேன், ஐயா வாங்கவில்லை.

அந்தக் கந்தோர் சீலோடு வந்திருந்தால், நாளைக்கு அவர் விளங்காமல் வைத்தேன் என்று ஒரு சொல் சொன்னாலே மனு ஆட்டம் கண்டிருக்கும். இதே அலுவலாக ஊருக்குப் போகிறவர்கள் ஆளை நேரில் கூட்டிப் போங்கள், அடையாள அட்டையோடு.