லண்டன்ல ஒரு நாள்தான் இருக்கா? பிரிட்டிஷ் மியூசியமா, நேஷனல் கேலரியா?

லண்டன் போறவங்க நிறைய பேர் இதுலதான் மாட்டிக்கிறாங்க, ரெண்டுமே ஃப்ரீ, ரெண்டுமே பெருசு, ஆனா கையில அரை நாள்தான் இருக்கும்.

காசு: ரெண்டுலயும் நுழைய கட்டணம் இல்ல. ஸ்பெஷல் கண்காட்சிக்கு மட்டும் பெரும்பாலும் டிக்கெட் எடுக்கணும்.

என்ன இருக்கு: மியூசியம் 1759லயே திறந்தது, பழைய எகிப்து எழுத்த படிக்க வழி காட்டின ரொசெட்டா கல்லு, எகிப்து மம்மி எல்லாம் இருக்கு. ஆனா நம்ம ஆளுங்க கண்டிப்பா பாக்க வேண்டியது அமராவதி புத்த ஸ்தூப சிற்பங்கள், ஆந்திராவுல இருந்து கொண்டு போன அந்த வெள்ளைக் கல் வேலைப்பாட்ட கிட்ட நின்னு பாத்தா மனசு கனத்துடும், பெருமையாவும் இருக்கும். கேலரி முழுக்க ஓவியம்தான், வான் கோ 1888ல வரைஞ்ச சூரியகாந்தி இங்கதான் இருக்கு.

நேரம்: மியூசியத்துல ஆயிரக்கணக்குல பொருள் காட்சிக்கு இருக்கு, மூணு மணி நேரம் போனாலும் பாதிகூட முடியாது. கேலரில ரெண்டு மணி நேரத்துல முக்கியமானத பாத்துடலாம்.

வெளிய: கேலரி வாசல்லயே ட்ராஃபால்கர் ஸ்கொயர், நெல்சன் தூண். மியூசியம் வாசல்ல அந்த மாதிரி சதுக்கம் கிடையாது.

குழந்தைங்க கூட வந்தா, இல்ல வரலாறு பிடிக்கும்னா மியூசியம்தான், காலைல திறந்த உடனே போயிடுங்க. கொஞ்ச நேரம்தான் இருக்கு, ஓவியம் பிடிக்கும்னா கேலரி. வெள்ளிக்கிழமைன்னா ரெண்டுமே ராத்திரி வரை திறந்திருக்கும், நடந்தா கால் மணி நேரம்தான், ரெண்டையும் பாத்துடலாம்.