முசுறா, மண்குளவியா?

மாமரத்தில் முசுறு எறும்பு, ஜன்னல் மூலையில் மண்குளவி. இரண்டுமே வீடு கட்டுவதில் கில்லாடிகள். பக்கத்தில் குடிவைக்க எது தேவலை?

முசுறு கட்டுவதை ஒருமுறையாவது நின்று பாருங்கள், ஆனால் மரத்தடியில் வேண்டாம். ஒன்றின் இடுப்பை ஒன்று கவ்விச் சங்கிலியாகத் தொங்கி, எட்டாத இலையை இழுத்து வரும். விளிம்புகள் சேர்ந்ததும் வேறு சில எறும்புகள் தங்கள் புழுக்களை வாயில் தூக்கி வரும். புழு பட்டுநூல் விட, தறிநாடா மாதிரி அதை இங்குமங்கும் ஓட்டித் தைத்துவிடும். தனக்குக் கூடு பின்னிக்கொள்ள வேண்டிய நூலைப் புழு மொத்தமாக வீட்டுக்கே கொடுத்துவிடுகிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டம் எறும்புக்கு இல்லை!

இப்படிப் பல மரங்களில் பரவும் ஒரே குடும்பத்தில் லட்சக்கணக்கில் எறும்புகள் இருக்கும். கி.பி. 304-இல் எழுதப்பட்டதாகச் சொல்லப்படும் ஒரு சீன நூல், ஆரஞ்சுத் தோட்டக்காரர்கள் பூச்சிகளை விரட்ட இந்தக் கூடுகளைக் காசு கொடுத்து வாங்கியதைச் சொல்கிறது. சரி, நல்ல காவலாளிதான். ஆனால் இனிப்புக் கழிவுக்கு ஆசைப்பட்டு மாவுப்பூச்சிக்கும் காவல் நிற்கும். பறிக்க ஏறினால் நம்மையும் விடாது: கடித்த இடத்திலேயே அமிலத்தைப் பீய்ச்சும்.

குளவிக்கு ஊரும் இல்லை, உறவும் இல்லை. பெண் குளவி தனியாளாக ஈரமண்ணை உருண்டை உருண்டையாகக் கொண்டுவந்து அறை கட்டும். கூரையில் மெல்லிய இழையில் ஒரு முட்டையைத் தொங்கவிட்டு, அப்புறம்தான் வேட்டைக்குப் போகும். 'கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்' என்பார்கள். ஒருமுறை கூட்டை உடைத்துப் பார்த்தேன். உள்ளே நாலைந்து பச்சைப் புழுக்கள், வாடாமல், தொட்டால் லேசாக நெளிந்தன. குளவி கொட்டியது அவற்றைக் கொல்ல அல்ல, அசையாமல் வைக்க. முட்டையிலிருந்து வரும் குஞ்சுக்கு அதுதான் கெடாத சாப்பாடு. புழு குளவியாவது உண்மைதான், குளவியின் வயிற்றுக்குள் போய்! வாயை மண்ணால் அடைத்துவிட்டுத் தாய் போய்விடும், பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதே இல்லை.

தோட்டம் வைத்திருப்பவர் முசுறைச் சொல்லலாம். எனக்குக் குளவிதான். சீண்டாதவரை அது நம் வழிக்கு வராது. எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு பிளக் ஓட்டையை மூன்று முறை அடைத்தது. இரண்டு முறை குச்சியால் சுரண்டினேன். மூன்றாம் முறை விட்டுவிட்டேன். போனுக்கு அடுத்த அறையில் சார்ஜ் போட்டுக்கொள்கிறேன்.