எங்கள் காப்பீட்டு முகவரைப் பற்றி

அப்பாவின் சர்க்கரை நோயை விண்ணப்பத்தில் எழுத வேண்டாம் என்று முதலில் வந்த முகவர் சொன்னதோடு, பிரீமியத்தில் ஒரு பங்கைத் திருப்பித் தருவதாகவும் ஆசை காட்டினார். அத்தகைய தள்ளுபடியை 1938ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 41ஆம் பிரிவு தடை செய்கிறது. இப்போதைய முகவர், கேட்பதற்கு முன்பே அடையாள அட்டையைக் காட்டி, நோயை மறைத்தால் இழப்பீடு மறுக்கப்படலாம் என்பதையும், முன்பே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம், அதாவது அந்த நோய்க்கு இழப்பீடு கிடைக்காத தொடக்கக் காலம், அதிகபட்சம் 36 மாதங்கள் என்பதையும் பொறுமையாக விளக்கியதுடன், பாலிசி கைக்கு வந்த 30 நாள்களுக்குள் வேண்டாமென்றால் திருப்பிவிடலாம் என்றும் தாமாகவே சொன்னார். விற்க வந்தவர் இதைச் சொல்வது அபூர்வம்தான். சென்ற ஆண்டு அப்பா மருத்துவமனையில் இருந்தபோது ரசீதுகளையெல்லாம் சரிபார்த்து அலைந்தவரும் அவரே. தொலைபேசியை உடனே எடுக்கமாட்டார் என்பது குறை. ஆனால் மாலைக்குள் அழைத்துவிடுவார்.